ஆடிக்குள் காயுமா?

சும்மா கிடைக்கிற விறகை வேண்டாம் என்று சொன்னால் நல்ல பெயர் கிடைக்காது. அதுவும் கோயில் காரியத்துக்கு என்று ஒருவர் மனமுவந்து கொடுக்கும்போது, "இதில் பாதி போதும், மீதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்பது மரியாதை இல்லாத பேச்சாகப் படும். போன கோடையில் நாங்கள் அப்படித்தான் சொன்னோம். அது சரியா தப்பா என்ற பேச்சு எங்கள் கமிட்டியில் இன்னும் ஓயவில்லை. சரி என்பதுதான் என் கட்சி. ஏன் என்பதை ஒருமுறை நிதானமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அல்சூர், மர்ஃபி டவுன், லிங்கராஜபுரம் என்று பெங்களூரின் இந்தப் பக்கத்தில் ஆடி பிறந்தால் தெருவுக்குத் தெரு கூழ் உண்டு. எங்கள் கோயில் சின்னது, ஆனால் சொம்பும் தூக்குமாக வருகிற கூட்டம் சின்னதல்ல. கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்து, விடியற்காலையில் நொய்யை வேகவிட்டு, அதில் மாவை ஊற்றிக் கிண்ட ஆரம்பித்தால் அண்டா இறங்கும் வரை துடுப்பை விடக் கூடாது. தீ ஒரே சீராக நிற்க வேண்டும். குறைந்தால் மாவு வேகாமல் பச்சை வாசனை நிற்கும், கூடினால் அடிப்பிடிக்கும். கேஸ் அடுப்பில் செய்தால் என்ன என்று இளசுகள் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்விதான், அதைத் தனியாகப் பேசலாம். இப்போதைக்கு விறகடுப்புதான். அந்த அடுப்புக்கு முன்னால் நிற்பது என் பெரியம்மாவும் அவர் வயதை ஒட்டிய இன்னும் சில பெண்களும். நானும் கொஞ்ச நேரம் துடுப்பு பிடிப்பேன்.

இந்த ஊரில் விறகு சும்மா கிடைப்பதற்கு ஒரு பருவம் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்து மே முழுக்க, சாயங்காலம் மழை காற்றோடு வந்தால் மறுநாள் காலையில் எங்கேயாவது ஒரு மரம் படுத்திருக்கும். சுற்றிலும் சிமென்ட் போட்டு, சாக்கடைக்கும் கேபிளுக்கும் தோண்டித் தோண்டி வேரை அறுத்தால் மரம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? சாலையோர மரம் என்றால் அது மாநகராட்சிச் சொத்து, நாம் கை வைக்க முடியாது. காம்பவுண்டுக்குள் விழுந்த மரம்தான் நமக்கு வரும். "மரம் விழுந்திருக்கு, கோயிலுக்கு வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க" என்று போன் வரும். எங்கள் தலைவர் அண்ணனுக்கு அந்தப் போன் வந்தால் முகமே மாறிவிடும். டிப்போவில் விறகு வாங்குகிற காசு மிச்சமானால் அது அன்னதானத்துக்குப் போகும். அவருடைய ஆசையில் தப்பே கிடையாது.

பூவுக்கு நட்ட மரங்கள்

பெங்களூரில் காற்றுக்கு விழுகிறவை பெரும்பாலும் அடுப்புக்கு என்று யாரும் நட்ட மரங்கள் அல்ல. 1908-ல் லால்பாக் தோட்டத்துக்கு வந்த ஜெர்மானியத் தோட்டக்கலை நிபுணர் க்ரும்பிகல், வருஷம் முழுக்க ஏதாவது ஒரு மரம் பூத்துக்கொண்டே இருக்கும்படி இந்த ஊர்ச் சாலைகளுக்கு மரம் தேர்ந்தெடுத்தார். மடகாஸ்கரிலிருந்து குல்மொஹர், தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து தூங்குமூஞ்சி, ஆப்பிரிக்காவிலிருந்து பட்டடி (ஆப்பிரிக்க டூலிப் மரம்) என்று இன்று நம் தலைக்கு மேல் நிற்பவை நிழலும் பூவும் தருவதற்காக வந்தவை. குல்மொஹர் கட்டை லேசானது, குப்பென்று பிடித்துச் சீக்கிரம் சாம்பலாகும். கூழ் அண்டா நெடுநேரம் கொதிக்க வேண்டும் என்றால் அதற்குத் தீனி போட்டே ஒரு ஆள் களைத்துவிடுவார்.

டிப்போவில் விற்கிற சவுக்கு வேறு ஜாதி. எரிப்பதற்காகவே வளர்த்த மரம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைப் பக்கத்து ரயில் என்ஜின்களே சவுக்கு விறகில் ஓடியிருக்கின்றன. நேராக வளரும், கைக்கு அடக்கமான பருமனில் வெட்டுவார்கள், பிளக்கிற வேலையே பெரிதாக இருக்காது. டிப்போக்காரரிடம் நாம் கொடுக்கும் காசில் பெரும்பங்கு அந்த வசதிக்குத்தான் என்பது எனக்குப் போன வருஷம்தான் உறைத்தது.

ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் ஒரு பழைய பங்களாவில் விழுந்தது தூங்குமூஞ்சி. மூன்று பேர் கை கோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடிகிற அடிமரம், அதற்கு மேல் இரண்டாகப் பிரியும் பெரிய கவட்டை, கிளைகள் மதில் வரைக்கும். தனியார் காம்பவுண்டில் நின்றாலும் ஒரு மரத்தை வெட்ட 1976-ஆம் வருஷத்துக் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதி வேண்டும். இது தானாக விழுந்தது என்றாலும் போட்டோ எடுத்து, வனப்பிரிவுக்குச் சொல்லி, அவர்கள் வந்து பார்த்த பிறகுதான் தொட்டோம். வீட்டுக்காரர் வயதானவர், நல்ல மனுஷன். தாத்தா காலத்து மரம் என்று சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது. "எல்லாத்தையும் எடுத்துக்குங்க, ஒரு துண்டுகூட விட்டுட்டுப் போகாதீங்க" என்றார்.

தலைவர் அண்ணன் அங்கேயே நின்று எத்தனை டெம்போ லோடு வரும் என்று எண்ண ஆரம்பித்துவிட்டார். அடுத்த வருஷ ஆடிக்கும் சேர்த்தே ஆகிவிடும் என்றார். எனக்கும் அந்தக் குவியலைப் பார்த்துச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பட்டையை உரித்துப் பார்த்தால்

மரம் வெட்ட வந்தவர் தர்மபுரிப் பக்கத்துக்காரர். அவரை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். வந்ததும் கோடாலியை எடுக்கவில்லை. மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கொடுவாளின் முனையால் அடிமரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டையை உரித்தார். உள்ளே ஈரம் மினுமினுத்தது. கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"பாருங்கக்கா, நார் நேரா போவல. கயிறு திரிச்ச மாதிரி சுத்திக்கிட்டுப் போவுது. அதுவும் ஒரே பக்கமா சுத்தினாலும் பரவால்ல. இது அப்படியில்ல."

அவர் சொன்னதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. ரம்பத்தில் அறுத்துப் போட்ட ஒரு துண்டை நிமிர்த்தி வைத்துக் கோடாலியை இறக்கினார். சவுக்கு என்றால் 'சடக்' என்று ஒரு சத்தம் வரும், கட்டை இரண்டு பக்கமும் தெறிக்கும். இங்கே 'தொப்' என்றது. இரண்டு விரல் ஆழத்துக்கு இறங்கிய கோடாலியை மரம் பிடித்துக்கொண்டது. காலால் மிதித்து ஆட்டிப் பிடுங்கினார். அதே இடத்தில் ஆப்பை வைத்துச் சம்மட்டியால் அடித்தார். ஆப்பு முழுக்க உள்ளே போன பிறகுதான் மேலே ஒரு வெடிப்பு ஓடியது. அந்த வெடிப்புக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு நார் நாராகப் பாலம் போட்டிருந்தது. ஒவ்வொன்றையும் கொடுவாளால் அறுத்த பிறகுதான் துண்டு பிரிந்தது. பிரிந்த முகம் வழவழப்பாக இல்லை. ஒரு பட்டை இந்தப் பக்கம் சாய்ந்தும் அடுத்த பட்டை அந்தப் பக்கம் சாய்ந்தும், பிய்த்து எடுத்ததுபோலக் கிடந்தது.

தூங்குமூஞ்சி, வேம்பு, தைலம் போன்ற மரங்களில் சில வருஷ வளர்ச்சியில் நார் இடப்பக்கமாகச் சாய்ந்து சுற்றும், அடுத்த சில வருஷங்களில் வலப்பக்கமாகச் சுற்றும். இப்படி அடுக்கு மேல் அடுக்காகப் பின்னிக்கொண்டு போவதால் கோடாலிக்கு ஒரே நேர்வழி கிடைப்பதில்லை. கவட்டையில் இது இன்னும் மோசம், இரண்டு கிளையின் நாரும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கும். இந்த மரங்களில் தைலத்துக்கு ஒரு குணம்: பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். காய்ந்த பிறகு பிளந்துகொள்ளலாம் என்று போட்டுவைத்தால் அப்புறம் கோடாலி வளையும். தூங்குமூஞ்சியும் காய்ந்தால் இளகுகிற ரகம் அல்ல என்று மேஸ்திரி அடித்துச் சொன்னார்.

கூலியும் அவர்தான் சொன்னார். அடிமரம் முழுக்கப் பிளந்து தர எத்தனை ஆள், எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணியபோது தலைவர் அண்ணனின் முகம் வாடியது. இருந்தாலும் அவர் விடவில்லை. பிளக்க முடிந்தவரை பிளப்போம், முடியாததை அப்படியே பெரிய கட்டையாக அடுப்பில் வைத்தால் நின்று எரியும், கோட்டை அடுப்பு பெரிசுதானே என்றார். அங்கே நின்ற ஆண்கள் எல்லோருக்கும் அது சரியென்றே பட்டது.

பெரியம்மா அதுவரைக்கும் பங்களா வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து, பிரிந்து கிடந்த ஒரு துண்டைக் கையில் தூக்கிப் பார்த்தார். கனத்தைப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

"தம்பி, ஆடிக்குள்ள இது காயுமா?"

யாரும் பதில் சொல்லவில்லை. அதுவரை நாங்கள் பேசியதெல்லாம் கூலி, லோடு, டெம்போ வாடகை. அடுப்புக்கு முன்னால் நிற்கப்போகிறவர் கேட்ட முதல் கேள்வி அது. அதற்குப் பிறகு அந்த மரத்தை வேறு மாதிரிதான் என்னால் பார்க்க முடிந்தது.

ஈரத்தின் கணக்கு

காய்ந்த மரம் எதுவானாலும் எடைக்கு எடை ஏறக்குறைய ஒரே சூட்டைத்தான் தரும். ஈரமே இல்லாத நிலையில் கிலோவுக்குச் சுமார் 4,500 கிலோகலோரி. புளியங்கட்டை உசத்தி, குல்மொஹர் மட்டம் என்று நாம் சொல்வதெல்லாம் கனத்தை வைத்துத்தான். ஒரே அளவுத் துண்டில் புளியில் சரக்கு அதிகம், அதனால் நெடுநேரம் நிற்கிறது. வித்தியாசம் வருவது ஈரத்தில். புதிதாக விழுந்த மரத்தில் எடையில் பாதி தண்ணீராகவே இருக்கலாம். பத்துக் கிலோ பச்சை விறகு என்றால் ஐந்து கிலோதான் மரம். அந்த ஐந்து கிலோ தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கச் சுமார் 3,000 கிலோகலோரி போகும். மரம் தரும் சூட்டில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு.

ஏழில் ஒரு பங்குதானே, சும்மா வந்த விறகில் அது போனால் என்ன என்று தலைவர் அண்ணன் பிற்பாடு கேட்டார். காகிதக் கணக்கில் அவர் சொல்வது சரி. ஆனால் விறகு எரிவது என்பது பெரும்பாலும் அதிலிருந்து எழும் வாயு எரிவதுதான். அந்த வாயு முழுசாகப் பற்ற அடுப்புக்குள் 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். ஈரக் கட்டை அடுப்பைக் குளிரவைத்துக்கொண்டே இருக்கும், வாயு பாதி எரிந்தும் எரியாமலும் புகையாக வெளியே வந்துவிடும். நம் கணக்கில் வராமல் போகிற பாக்கி அந்தப் புகை. அதை வசூலிப்பது பெரியம்மாவின் கண்ணிலும் நெஞ்சிலும். விறகைச் சும்மா வாங்கிய பெருமை ஒருவருக்கு, அதன் விலையைக் கட்டுவது வேறொருவர். இது எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை.

ஏப்ரல் கடைசியில் விழுந்த மரம் ஆடி நடுவில் எரிய வேண்டும். நடுவில் இருப்பது மூன்று மாதம், அதிலும் பெங்களூரில் மே மழையும் ஜூன் தூறலும் உண்டு. முழு உருளையாகப் போட்டு வைத்த கட்டை அதற்குள் காய வழியே இல்லை. பட்டை ஈரத்தைப் பூட்டி வைத்திருக்கும். தண்ணீர் வெளியேறுவது முக்கியமாக வெட்டுமுகம் வழியாக, நார் ஓடுகிற திசையில். பக்கவாட்டில் வெளியேறுவதைவிட அது பத்து மடங்குக்கும் மேல் வேகம். இரண்டடி நீளக் கட்டையின் நடுவில் இருக்கும் ஈரம் முனைக்கு வந்து சேர எத்தனை மாதம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பிளப்பது என்பது அடுப்புக்குள் நுழைகிற அளவுக்குச் சின்னதாக்குகிற வேலை மட்டுமாக இருந்தால் பிளக்காமலே விட்டுவிடலாம். காயவைப்பதற்கே பிளக்க வேண்டியிருக்கிறது.

இதைச் சொன்னதும் மேஸ்திரிதான் வழி சொன்னார். பிளக்கிற ஆசையை விட்டுவிடுங்கள், அறுத்துவிடலாம் என்றார். தொடைப் பருமன் வரை உள்ள கிளைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டடிக்குப் பதில் அரையடி உயரத்துக்கு வில்லை வில்லையாக மெஷின் ரம்பத்தில் அறுப்பது. அவ்வளவு குட்டையாக இருந்தால் நார் எப்படிப் பின்னியிருந்தாலும் கோடாலி ஓரளவு இறங்கும். நடுவில் அடிக்காமல் விளிம்பிலிருந்து சீவிச் சீவி எடுத்துக்கொண்டு வரலாம். பிளக்காமல் விட்ட வில்லைகூட இரண்டு வெட்டுமுகம் வழியாகவும் காய்ந்துவிடும்.

அடிமரத்தையும் கவட்டையையும் விட்டுவிடுவது என்று முடிவானது. அதை வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

கொடுப்பவரின் கணக்கு

அவருக்கு வருத்தம்தான். நான் மறைக்கவில்லை, அவருடைய விறகில் குறை சொல்ல ஒன்றுமில்லை, எங்களிடம் காலமும் இடமும் இல்லை என்று சொன்னேன். அப்புறம்தான் பேச்சோடு பேச்சாக ஒன்று தெரிந்தது. அந்த மரத்தை அப்புறப்படுத்த ஒரு ஒப்பந்தக்காரர் அவரிடம் நல்ல தொகை கேட்டிருந்தார். நாங்கள் கிளைகளைக் கழித்து எடுத்துப்போனாலே அவருக்குப் பெரிய செலவு மிச்சம். இதில் குற்றமாகச் சொல்ல எதுவும் இல்லை. சும்மா கொடுக்கிற பொருளில் கொடுப்பவருக்கும் ஒரு லாபம் இருக்கலாம், இருந்தால் அதைப் பேசிவிடுவது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. ரம்பத்துக்கான வாடகையையும் பெட்ரோலையும் அவர் ஏற்றுக்கொண்டார். அடிமரத்தை ஒரு தச்சுப் பட்டறைக்காரர் மேஜைப் பலகைக்கு ஆகும் என்று வந்து பார்த்து எடுத்துக்கொண்டார். தூங்குமூஞ்சியின் வைரம், அதாவது நடுமரம், கரும்பழுப்பில் வரியோடு அழகாக இருக்கும். எங்கள் அடுப்புக்குள் புகைந்து வீணாகியிருக்க வேண்டிய மரம் அது.

இன்னும் இரண்டு விஷயத்தை மேஸ்திரி சோதிக்கச் சொன்னார், அவற்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். ஒன்று, ஊர் மரங்களில் ஆணி. போர்டு மாட்டியது, விளக்குச் சரம் கட்டியது என்று ஆண்டாண்டாக அடித்த ஆணிகளை மரம் உள்ளே விழுங்கி வைத்திருக்கும். ரம்பத்தின் சங்கிலி அதில் பட்டால் வேலையும் நிற்கும், ஆளுக்கும் ஆபத்து. மற்றொன்று, தோட்டத்தைக் கழிக்கும்போது விறகோடு விறகாக அரளிக் கொம்பையும் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அரளிப் புகையே விஷம். சமைக்கிற அடுப்புப் பக்கம் அது வரவே கூடாது.

வில்லைகளைக் கோயில் பின்சந்தில் செங்கல் மேல் பலகை போட்டு அடுக்கினோம். தரையில் வைத்தால் கரையான் ஏறும். மேலே மட்டும் தகரம், பக்கத்தில் மூடாமல் காற்றுக்கு விட்டோம். தார்பாலின் போட்டு நாலு பக்கமும் இழுத்துக் கட்டுகிற பழக்கம் நம்மிடம் உண்டு, அது ஈரத்தை உள்ளேயே வைத்துப் புழுங்கவிடும். ஆடி பிறந்தபோது பெரும்பாலான வில்லைகளின் முகத்தில் நட்சத்திரமாக வெடிப்பு விட்டிருந்தது. பட்டை தொட்டால் உதிர்ந்தது. இரண்டை எடுத்துத் தட்டினால் 'டங்' என்றது. தடித்த சில மட்டும் இன்னும் 'தொப்' என்றன, அவற்றை ஒதுக்கிவிட்டு அந்த அளவுக்கு டிப்போவில் சவுக்கு வாங்கினோம். மிச்சமான காசு தலைவர் அண்ணன் எதிர்பார்த்ததில் பாதிகூட வராது. ஆனால் கூழ் கிண்டும்போது பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைக்கவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கமிட்டியில் எதிர்க்கட்சி சொல்வது இது: முழு மரத்தையும் எடுத்து வைத்திருந்தால் இந்த வருஷத்துக்கும் ஆகியிருக்கும். இடம் இருக்கிறவர்களுக்கு அது சரியான வாதம், நான் மறுக்கவில்லை. ஓடு வேய்ந்த ஒரு கொட்டகையும், பச்சையாகவே பிளந்துபோட ஆளும், ஒரு முழுக் கோடையும் கையில் இருந்தால் எவ்வளவு முரட்டு மரத்தையும் எடுக்கலாம். எங்கள் பின்சந்தில் இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும்.

இந்த வாரம் மறுபடி ஒரு போன் வந்தது. மாலூர் பக்கம் கமிட்டிக்காரர் ஒருவரின் மச்சான் நிலத்தில் பழைய புளியமரம் சாய்ந்திருக்கிறதாம். புளியைப் பிளப்பது தூங்குமூஞ்சியைவிடக் கஷ்டம், மேஸ்திரி கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் அங்கே மாட்டுக்கொட்டகை காலியாக இருக்கிறது. அறுத்து, பிளந்து, அங்கேயே அடுத்த வருஷ ஆடி வரை கிடக்கலாம் என்கிறார்கள். எடுத்துக்கொள்ளலாம் என்று முதலில் சொன்னது நான்தான். ஈரம் காய்வதற்குள் பிளந்துவிட வேண்டும், அதனால் மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமையே போகிறார். கூலியில் பாதியை மச்சான் ஏற்றுக்கொள்வாரா என்று தலைவர் அண்ணன் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.